மறந்து போன மருந்து மாமேதை – டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் கவிதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம்ம மலரில் கவிதைக்கா பஞ்சம்? நிலாவும் காதல் தோல்வியும் இல்லாத பக்கமே கிடையாது. அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் இறந்து எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் பெயர் உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் இரண்டு வருஷம் முன்னால் வரை தெரியாது. தெரிய வந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்க வீடு எர்ணாவூர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவுல கன்டெய்னர் லாரி. நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, வேலை பார்க்குமிடத்தில் ஸ்டீம் பட்டு அப்பாவுக்கு வலது கையும் தோளும் வெந்து போச்சு. தீக்காயம் ஆறிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரண்டாவது வாரம் காயத்தில் கிருமி பிடித்துக்கொண்டது. காய்ச்சல் இறங்கவே இல்லை. ஊசி மேல் ஊசி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சீழை எடுத்துக் கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த ரிப்போர்ட்டை வாங்கி வந்தது நான்தான். ஒரு தாளில் வரிசையாகப் பதினைந்து பதினாறு மருந்துப் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. அந்த எழுத்து வந்தால் அந்த மருந்தைக் கிருமி எதிர்த்து நிற்கிறது, மருந்து கேட்காது என்று அர்த்தமாம். மேலிருந்து கீழே வரை அதே எழுத்து! கடைசிக்கு முன் இரண்டு வரியில் மட்டும் வேறு எழுத்து. அந்த இரண்டு மருந்து கொலிஸ்டின், பாலிமிக்சின் பி. இது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து, ஆனாலும் வேற வழியில்லை தம்பி என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

பத்து நாள் அந்த மருந்து போனது. தினமும் கிரியாட்டினின் பார்த்தார்கள். ஏறியது, அப்புறம் இறங்கியது. அப்பா பிழைத்துக்கொண்டார். வராண்டாவில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நாளும் என் மனசில் ஒரே கேள்விதான். இத்தனை மருந்தும் தோற்ற இடத்தில் நின்ற இந்த மருந்து எங்கிருந்து வந்தது? யார் கண்டுபிடித்தது?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நூலகத்துக்குப் போனவனுக்கு, சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் நம்ம மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு மனிதர் கிடைத்தார்.

வாழைப்பழம் விற்கப் போன பையன்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் இருந்தது, இப்போது ஆந்திரா. வீட்டில் ஏழு பிள்ளைகள். அப்பாவுக்குச் சின்ன அரசாங்க வேலை, உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே நின்று விட்டது. வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் அம்மா வெங்கம்மா.

பதிமூன்று வயதில் பையன் வீட்டை விட்டு ஓடினான். எதற்குத் தெரியுமா? காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று! அம்மா ஆளை அனுப்பிப் பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார்.

உட்கார வைத்தால் மட்டும் போதுமா? மெட்ரிகுலேஷனில் ஃபெயில். மறுபடி எழுதினார், மறுபடியும் ஃபெயில். ராஜமுந்திரியிலிருந்து சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது தடவைதான் பாஸானார். நண்பர்களே, அரியர் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். இது அந்தக் காலத்து அரியர்தான்.

அப்புறம் மாநிலக் கல்லூரி. கணக்கில் கெட்டிக்காரர். ஆனால் மனசு சன்னியாசத்தில். ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்துவிட ஆசைப்பட்டார். அம்மா சம்மதம் தரவில்லை. மருத்துவம் படித்து ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்று மடத்திலும் திருப்பி விட்டார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பிறகு மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கைகொடுத்தார்கள். 1919-இல் சேஷகிரியுடன் கல்யாணம் ஆனது.

கதர்ச் சட்டையின் விலை

அது காந்தியார் அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கே கதரில் தைத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டு ஒரு வெள்ளைக்காரர். அவருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.

நம்ம நிலைமையில் வைத்துப் பாருங்கள். அதே கல்லூரி, அதே பாடம், அதே உழைப்பு. வெளியே வந்தால் அவன் டிகிரி, இவன் டிப்ளமோ. அந்தச் சான்றிதழோடு சென்னை மருத்துவப் பணியில் சேரப் போனார். இடம் கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியர் ஆனார்.

இதற்கு இடையில் வீட்டில் ஓர் இடி விழுந்தது. கிராணி என்று நம்ம ஆயாக்கள் சொல்வார்களே, ஆங்கில மருத்துவத்தில் ஸ்ப்ரூ, சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் பேதியாகப் போய் ரத்தம் வற்றும் நோய். அதில் அவருடைய அண்ணனும் தம்பியும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்து போனார்கள். அவருக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத மருந்தில் அவர் தேறினார். டாக்டருக்குப் படித்தவன் தன் வீட்டில் இரண்டு பேரைக் காப்பாற்ற முடியாமல் நின்றால் எப்படி இருக்கும்? வராண்டாவில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வெப்பநாட்டு நோய்களைப் பற்றி அமெரிக்காவில் படிப்பது என்று முடிவு செய்தார். காக்கிநாடாவின் சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவியது. மாமனாரும் பணம் தந்தார். 1920-களின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். கர்ப்பமாக இருந்த மனைவியிடம் சீக்கிரம் திரும்பி விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை. பிறந்த ஆண் குழந்தை அப்பாவின் முகம் பார்க்காமலே இறந்து போனது. இது அவர் வாழ்க்கையில் எனக்குக் கடைசி வரை ஒட்டாத பகுதி. மாமேதை என்பதற்காக இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்த அம்மையார் இங்கே காத்திருந்தார் என்பதும் இந்தக் கதையில் சேர வேண்டும்.

பெட்பேன் கழுவிய கை

பாஸ்டன் நகரில் இறங்கியபோது கையில் காசில்லை. எல்.எம்.எஸ். சான்றிதழை வைத்து அங்கே டாக்டர் தொழில் பார்க்கவும் முடியாது. ஹார்வர்டில் பகலில் படிப்பு. ராத்திரியில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் வார்டு பையன் வேலை. அதாவது நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவுவது. வெப்பநாட்டு மருத்துவத்தில் ஹார்வர்டில் அவர் முதலில் வாங்கியது என்ன தெரியுமா? டிப்ளமோ!

அப்புறம் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் சேர்ந்தார். 1925-இல் இருவரும் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை வெளியிட்டார்கள். கெமிக்கல் பிரிவு நண்பர்களுக்கு இது உடனே புரியும். அமிலக் கரைசலில் பாஸ்பேட்டோடு மாலிப்டேட்டைச் சேர்த்து, ஓர் ஒடுக்கியைப் போட்டால் நீல நிறம் வரும். பாஸ்பேட் அதிகமானால் நீலம் அதிகம். அந்த நிறத்தைக் கலரிமீட்டரில் அளந்தால் கணக்கு வந்துவிடும். இன்றும் உயிர்வேதியியல் லேபில் இதற்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றுதான் பெயர். பாய்லர் தண்ணியில் பாஸ்பேட் பார்க்கிறோமே, அதுவும் இதே மாலிப்டேட் குடும்பத்து வேதியியல்தான்.

அளவுகோல் கையில் வந்ததும் தசைக்குள் போனார்கள். 1927-இல் பாஸ்போகிரியேட்டின், 1929-இல் ஏ.டி.பி. அதே சமயத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டுபிடித்தார். பத்தாவது அறிவியல் புத்தகத்தில் உடம்பின் சக்தி நாணயம் என்று படித்தோமே, அதுதான். லாக்டிக் அமிலத்தால்தான் தசை சுருங்குகிறது என்று அதுவரை உலகம் நம்பியிருந்தது. அந்தக் கருத்துக்கு 1922-க்கான நோபல் பரிசும் கொடுத்திருந்தார்கள். அது ஆட்டம் கண்டது.

1930-இல் பி.எச்டி. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. இங்கே சட்டை தடுத்தது, அங்கே வேறு ஏதோ தடுத்தது. 1940-இல் பேராசிரியர் கனவை மூட்டை கட்டிவிட்டு, நியூயார்க் பக்கம் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அமெரிக்கன் சயனமைடு என்ற பெரிய கெமிக்கல் கம்பெனியின் மருந்துப் பிரிவு அது. 1942-இல் அதன் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

எட்டு வருஷம், எத்தனை மருந்து!

அங்கே இருந்தது எட்டே வருஷம். நடந்ததைப் பாருங்கள்.

முதலில் ஃபோலிக் அமிலம். தன் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு விடை தேடியே அவர் கப்பல் ஏறினார் அல்லவா? ஈரலில் ரத்தசோகையைத் தீர்க்கும் ஏதோ சத்து இருப்பது தெரிந்திருந்தது. பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட் சாரத்திலும் அது இருப்பதை 1931-இலேயே காட்டியிருந்தார். சுப்பாராவின் குழு ஈரலிலிருந்தும் பிரித்தது, ஒரு பாக்டீரியாவை வளர்த்த நொதிக் கரைசலிலிருந்தும் பிரித்தது. இரண்டையும் ஒப்பிட்டு அமைப்பைக் கண்டுபிடித்து, 1945-இல் செயற்கையாகவே தயாரித்துவிட்டார்கள். ஸ்ப்ரூ நோயாளிகள் அதில் தேறினார்கள். இன்று நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தேதான் இருக்கிறது.

அடுத்தது அதற்கே எதிர்ப்பொருள். ஃபோலிக் அமிலம் மாதிரியே தோற்றம் கொண்டு, செல்லை ஏமாற்றி வளரவிடாமல் செய்யும் அமினாப்டெரின். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அதை பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகவாவது பின்வாங்கியது. 1948-இல் அதை வெளியிட்டார். அதன் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் கொடுக்கிறார்கள்.

மூன்றாவது நம்ம ஏரியா சமாசாரம். கால்வாய் ஓரத்து ஜனங்களுக்கு யானைக்கால் நோயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்க ஆயாவுக்கு இடது கால் வீங்கித்தான் இருந்தது, சாகும்வரை புடவைக் கொசுவத்தால் மறைத்துக்கொண்டே நடந்தாங்க. அந்த நோய்க்கு வீடு வீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையும், 1947-இல் சுப்பாராவ் தலைமையில் லெடர்லியில் பிறந்தது. ஆயா அந்த மாத்திரையை விழுங்கியபோது, நம்ம சென்ட்ரல் எதிரே படித்தவர் கண்டுபிடிப்பு என்று சொல்ல எனக்குத் தெரியாமல் போச்சே என்று இப்போது வருத்தப்படுகிறேன்.

மண்ணைத் தோண்டியவர்கள்

இப்போது அப்பாவின் மருந்துக்கு வருகிறேன்.

ஒரு பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். இடத்துக்கும் சோற்றுக்கும் அவைகளுக்குள் ஓயாத சண்டை. அதில் சில பாக்டீரியாக்கள் அடுத்தவனைக் கொல்ல ஆயுதம் தயாரிக்கின்றன. அந்த ஆயுதங்களில் ஒரு வகைதான் பெப்டைடு. அமினோ அமிலங்களை மணி மாதிரிக் கோத்த மாலை. புரதமும் மாலைதான், ஆனால் நூற்றுக்கணக்கான மணிகள். இதில் பத்து, பதினைந்து மணிதான். சிலது மோதிரம் மாதிரி வளைந்து முடிச்சு போட்டுக்கொள்ளும்.

1939-இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தின் ரெனே டுபோஸ், மண்ணிலிருந்து பேசில்லஸ் பிரெவிஸ் என்ற பாக்டீரியாவைப் பிடித்து, அதன் வளர்ப்புக் கரைசலிலிருந்து டைரோத்ரிசின் என்ற பொருளைப் பிரித்தார். அதற்குள் இருந்தவை கிராமிசிடின், டைரோசிடின் என்ற பெப்டைடுகள். கிருமியை நன்றாகக் கொன்றது. ஆனால் ரத்தத்தில் ஏற்றினால் சிவப்பணுவையும் உடைத்தது. அதனால் மேல்பூச்சோடு நின்றது. என்றாலும் மண்ணில் மருந்து இருக்கிறது என்று உலகத்துக்கே தைரியம் வந்தது.

சுப்பாராவும் லெடர்லியில் அந்தத் தேடலைப் பெரிய அளவில் தொடங்கினார். அதற்கு அவர் அமர்த்திய ஆள் யார் தெரியுமா? பெஞ்சமின் டக்கர். வயது எழுபதுக்கு மேல்! பல்கலைக்கழகத்தில் ஓய்வு கொடுத்து அனுப்பிய தாவரவியல் பேராசிரியர். சான்றிதழையும் வயசையும் பார்த்து ஆளை எடுப்பவராக சுப்பாராவ் இருக்கவில்லை. அவரையே அப்படித்தானே எல்லோரும் தள்ளினார்கள்? டக்கர் பல ஊரிலிருந்து மண் வரவழைத்தார். 1945-இல் மிசௌரி பல்கலைக்கழகத்து வயலில் எடுத்த மண்ணில் ஒரு தங்க நிற நுண்ணுயிர் கிடைத்தது. அதற்கு ஏ-377 என்று எண் போட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. இது பெப்டைடு இல்லை, நான்கு வளையம் ஒட்டிய வேறு வகை. பெனிசிலினுக்கு மடங்காத பல கிருமிகளை இது மடக்கியது. 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி வந்தபோது ஜனங்கள் வாங்கி விழுங்கிய டெட்ராசைக்ளின் இந்த வம்சம்தான்.

பாலிமிக்சின் வந்தது 1947-இல். பேசில்லஸ் பாலிமிக்சா என்ற மண் பாக்டீரியாவிலிருந்து ஒரே வருஷத்தில் மூன்று இடத்தில் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் ஒன்று, அமெரிக்க விவசாயத் துறையில் ஒன்று, மூன்றாவது சுப்பாராவ் வேலை பார்த்த அதே அமெரிக்கன் சயனமைடு கம்பெனியின் ஸ்டாம்ஃபோர்டு ஆய்வகத்தில் ஸ்டான்ஸ்லி என்பவரின் குழு. ஆகவே பாலிமிக்சினைக் கண்டுபிடித்தவர் சுப்பாராவ் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஊர்ப்பெருமைக்காக அடுத்தவர் உழைப்பைத் திருடக்கூடாது. ஆனால் அந்தக் கம்பெனியில் மண்ணைத் தோண்டும் வேலை அத்தனை வேகமாக நடந்ததில் அவருடைய பங்கு பெரிசு. கொலிஸ்டின் அதன் உடன்பிறப்பு, கொஞ்ச காலத்தில் ஜப்பானில் கிடைத்தது.

இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது? பத்து அமினோ அமிலம். ஏழு சேர்ந்து வளையம், மூன்று வால், வால் நுனியில் ஒரு கொழுப்பு அமிலம். வளையத்தில் நேர்மின்சுமை. சில கிருமிகளுக்கு வெளியே ஒரு கூடுதல் சவ்வு உண்டு. அந்தச் சவ்வை மெக்னீசியமும் கால்சியமும் கட்டிப் பிடித்திருக்கும். பாலிமிக்சின் போய் அவைகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கொழுப்பு வாலை உள்ளே சொருகி, எண்ணெய்ப் பிசுக்கை சோப்பு கரைக்கிற மாதிரி சவ்வைக் கிழித்துவிடும். கிருமி ஒழுகிச் செத்துப் போகும்.

நம்ம பாடம்தான்!

இதைத் தயாரிக்கும் விதத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். எல்லாமே நம்ம சிலபஸ்!

முதலில் பெரிய துருப்பிடிக்காத ஸ்டீல் தொட்டி. சர்க்கரை, நைட்ரஜன் சத்து, உப்புகள் கலந்த தண்ணீர். ஸ்டீம் விட்டு எல்லாக் கிருமியையும் கொன்று, ஆறவைத்து, வேண்டிய பாக்டீரியாவை மட்டும் விதைக்க வேண்டும். கம்ப்ரஸரிலிருந்து வடிகட்டிய காற்று அடியில் குமிழியாக வரும், இம்பெல்லர் சுற்றும். பாக்டீரியா வளர வளரச் சூடு கிளம்பும், ஜாக்கெட்டில் குளிர்ந்த தண்ணீர் ஓட வேண்டும். பி.எச். மாறும், பார்த்துச் சரிக்கட்ட வேண்டும். நுரை பொங்கும், நுரையடக்கி எண்ணெய் விட வேண்டும். ஒரு வால்வு சரியாக மூடாமல் வெளிக்கிருமி ஒன்று நுழைந்தால் போச்சு, மொத்தத் தொட்டியும் சாக்கடைக்குத்தான்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை. தொட்டி நிறையக் கரைசல், அதில் மருந்து துளியூண்டு. மிச்சமெல்லாம் தண்ணீர், செத்த பாக்டீரியா, சர்க்கரை, உப்பு, நிறம். முதலில் அமிலமாக்கி வடிகட்டிப் பாக்டீரியாவை நீக்குவார்கள். பாலிமிக்சினுக்கு நேர்மின்சுமை உண்டு என்றேனே, அதுதான் கைப்பிடி. ஆரம்ப காலத்தில் கரைசலைக் கரித்தூளோடு கலக்கி மருந்தைக் கரியில் ஒட்டவைத்து, அமிலம் சேர்த்த கரைப்பானால் கழுவி எடுத்தார்கள். பிறகு அயனிப் பரிமாற்றப் பிசின் வந்தது. தண்ணீரை மென்மையாக்க நாம் லேபில் ஓட்டும் அதே மாதிரி காலம்! மருந்து பிசினில் பிடித்துக்கொள்ளும், குப்பை கீழே ஓடிவிடும், அப்புறம் அமிலம் விட்டால் மருந்து இறங்கி வரும். சல்பேட் உப்பாக்கி, உலர்த்தி, வெள்ளைப் பொடியாகக் குப்பியில் அடைப்பார்கள். அப்பாவின் கட்டிலருகே நான் பார்த்த குப்பிக்குப் பின்னால் வடிகட்டல், பரப்பு ஒட்டல், உலர்த்தல் என்று நாம் பெயிலாகிற யூனிட் எல்லாம் இருந்தது.

நண்பர்களே, ஷிஃப்டில் அந்த வால்வு பக்கத்தில் நிற்கப் போவது யார்? நாம்தான்.

கடைசி ஆகஸ்ட்

ஆரியோமைசினை 1948 ஜூலையில் உலகத்துக்கு அறிவித்தார்கள். முன்வரிசையில் டக்கர் இருந்தார். சுப்பாராவ் எப்போதும் போலப் பின்னால். தன் பெயர் பேப்பரில் வருவதில் அவருக்கு அக்கறை இல்லை. அடுத்த மாதமே, ஆகஸ்டில் ஒரு ராத்திரி தூங்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்து மூன்று. கடைசி வரை அமெரிக்கக் குடிமகன் ஆகவில்லை. நாடு சுதந்திரம் அடைந்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதைப் பார்க்க ஒருமுறை வரவும் இல்லை.

நோபல் கிடையாது. அவரோடு ஹார்வர்டில் அதே ஃபிஸ்கேயிடம் ஆராய்ச்சி செய்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸுக்கு 1988-இல் நோபல் கிடைத்தது. சுப்பாராவுக்கு 1995-இல், நூற்றாண்டுக்கு, நம்ம அரசாங்கம் ஒரு தபால் தலை வெளியிட்டது. ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவுதான்.

மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது

கதை இத்தோடு முடிந்தால் சந்தோஷமாக முடித்திருப்பேன். அவர் போன பிறகு லெடர்லியில் அவருடைய பழைய சகாக்கள் ஜூக்ஸும் ஸ்டோக்ஸ்டாடும் ஒன்றைக் கவனித்தார்கள். ஆரியோமைசின் எடுத்தபின் மிஞ்சும் கழிவைக் கோழிக்குஞ்சுக்குப் போட்டால் அது வேகமாக வளர்கிறது. அவ்வளவுதான், உலகம் முழுக்கக் கோழித் தீவனத்தில் கிருமிக்கொல்லி கலக்கும் பழக்கம் வந்தது. கொலிஸ்டினும் தீவனத்துக்குப் போனது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று மனிதர்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த மருந்துதானே என்று நினைத்தார்கள். ஆனால் மற்ற மருந்தெல்லாம் தோற்கத் தொடங்கியதும் டாக்டர்கள் அதையே மறுபடி தேடி எடுக்க வேண்டியதாயிற்று. 2015-இல் சீனாவில், கொலிஸ்டினை எதிர்க்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுவதைக் கண்டார்கள். நம்ம நாட்டில் உணவுக்கு வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு கொலிஸ்டினை 2019-இல் தடை செய்தார்கள்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் இரண்டு வரி மிச்சமிருந்தது. அடுத்தவர் ரிப்போர்ட்டில் அந்த இரண்டும் மாறிவிட்டால்?

அதனால் ஒரு வேண்டுகோள். மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சலுக்கு இரண்டு மாத்திரை கொடுங்க என்று கேட்டு வாங்குகிறோமே, அதை நிறுத்துவோம். டாக்டர் ஐந்து நாள் எழுதினால் மூன்றாம் நாள் நிறுத்திவிட்டு மிச்சத்தை அலமாரியில் வைக்கிறோமே, அதையும் நிறுத்துவோம். நாளைக்கு மருந்துத் தொழிற்சாலையிலோ கழிவுநீர் சுத்திகரிப்பிலோ வேலைக்குப் போனால், மருந்து கலந்த கழிவைச் சரியாகச் சுத்தம் பண்ணாமல் கால்வாயில் விட ஒத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தண்ணீரில் பிழைக்கிற கிருமி மருந்துக்கு மடங்காத கிருமியாகத்தான் வளரும். கால்வாய் ஓரத்தில் இருப்பது நம்ம வீடு.

போன மாதம் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்கினேன். ரோட்டைக் கடந்து மருத்துவக் கல்லூரி வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் போட்ட மாணவர்கள் போனார்கள், வந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வாசலிலிருந்து கதர்ச் சட்டையோடும், எம்.பி.பி.எஸ். என்று எழுதாத ஒரு சான்றிதழோடும் ஒருத்தர் வெளியே நடந்திருப்பார். தோற்றவன் என்றுதான் ஊர் நினைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அவர் கதையை முழுசாகச் சொன்னேன். அப்பா தோள் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, அரியர் ரெண்டு பேப்பர் இருக்கே, அதை எப்போ எழுதப் போறே என்று மட்டும் கேட்டார்.

இந்த ஏப்ரலில் எழுதுகிறேன் அப்பா. மலரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிமேல் தப்ப முடியாது.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் ஒற்றுமை!

– எர்ணாவூர் மாணவன்,
மூன்றாம் ஆண்டு, வேதிப் பொறியியல்